மஞ்சள் கடிதாசி: பழிச்சொல்லா, உரிமையா?

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் போடிநாயக்கனூர் மக்களுக்கு வேலை நின்றால், கடன் மட்டும் நிற்பதில்லை. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், ஈராண்டுகளில் ஆயிரத்தை ஒட்டிச் சரிந்தது. இத்தகைய சரிவுகளில்தான் 'மஞ்சள் கடிதாசி' என்ற சொல் ஊர்வாயில் அடிபடுகிறது. கொடுத்தவரை ஏமாற்றுக்காரராகவே நாம் பார்க்கிறோம்.

வரலாறு வேறு சொல்கிறது. 1938இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டம், விவசாயிகள் 1937 அக்டோபர் 1 வரை செலுத்த வேண்டியிருந்த வட்டியை நீக்கியது. ஆனால் அச்சட்டத்தின் 'விவசாயி' நிலத்தில் உரிமையுடையவர். நிலமற்ற கூலிக்கு அதில் இடமில்லை. அவருக்கும் திறந்திருந்த கதவு, 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 500 ரூபாய்க் கடனைத் தீர்க்க இயலாதவரும் மனுச் செய்யலாம் என்றது அது. தனிநபர்களுக்கு இன்றும் அதுவே நடைமுறை.

மனுச் செய்வதா என்று தயங்குவோர் இரண்டையும் எடைபோட வேண்டும். சமையல் பாத்திரம், உடுதுணி, கைவினைஞரின் கருவிகள் பறிபோகா. அடகு நகைக்கு இச்சட்டம் காப்பன்று. உரிய காலத்தில் விடுவிப்புக் கோராவிடில் நொடிப்பாணையே நீக்கப்படும்.

நேர்மையான இயலாமைக்காக ஒருவரைச் சிறையிலடைப்பது அநீதி என்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். நீதிமன்றம் கைவிட்ட பழியை ஊர் மட்டும் இன்னும் சுமத்துவது முறையன்று என்பதே எம் கருத்து.