கருங்கடற்கரையில் ஒரு விருந்தாளி

1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் நான் கொழும்பில் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். டெலிபிரிண்டரில் வந்து குவியும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதும், எதற்கு எவ்வளவு இடம் என்று தீர்மானிப்பதும் என் வேலை. ஏவுகணைகளும் எச்சரிக்கைகளும் நிறைந்த அச்செய்திகளிடையே, அமெரிக்கச் சிறுமி ஒருத்தி சோவியத் சிறுவர் முகாமொன்றில் தங்கியிருக்கிறாள் என்ற செய்தியும் வந்தது. அதைச் சிறியதொரு பெட்டிச் செய்தியாகக் கடைசிப் பக்கத்தில் போட்டேன். இது முழுக்க முழுக்கப் பிரசார நாடகம் என்பதே அன்று என் முடிவு. அம்முடிவில் பாதி தவறு என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

அச்சிறுமியின் பெயர் சமந்தா ஸ்மித். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மான்செஸ்டர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவள். 1982 நவம்பரில் சோவியத் தலைமைப் பொறுப்பை யூரி அந்திரோப்பொவ் ஏற்றபோது, பத்து வயதான சமந்தா அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். புதிய பதவிக்கு வாழ்த்துக் கூறிவிட்டு, அணுப் போர் வந்துவிடுமோ என்று தான் அஞ்சுவதாகச் சொல்லி, போரைத் தடுக்க நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டாள். மறு ஆண்டு பிராவ்தா நாளேடு அக்கடிதத்தின் பகுதிகளை வெளியிட்டது. தனக்குப் பதில் வருமா, வராதா என்று வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதுவருக்கும் அவள் எழுதினாள். ஏப்ரலில் அந்திரோப்பொவின் பதில் வந்தது. மார்க் ட்வைனின் கதையில் வரும் பெக்கியைப் போலத் துணிவுள்ளவள் என்று அவளைப் பாராட்டிய அவர், நேரில் வந்து நாட்டைப் பார்க்குமாறும் அழைத்திருந்தார்.

1983 ஜூலை 7ஆம் திகதி பெற்றோருடன் புறப்பட்ட சமந்தா, இரண்டு வாரங்கள் மொஸ்கோ, லெனின்கிராட், கிரைமியா ஆகிய இடங்களைப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அழைத்த அந்திரோப்பொவை அவள் சந்திக்கவேயில்லை. அவர் கடும் நோயுற்றிருந்தார். ஆகவே, விருந்தோம்பும் பொறுப்பு பெரும்பாலும் பிள்ளைகளின் கைக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

கிரைமியாவின் கருங்கடற்கரையிலுள்ள ஆர்ட்டெக் முகாம் 1925இல் தொடங்கப்பட்டது. காசநோய்க்கு ஆளான சிறுவர்களுக்கெனத் தோன்றிய இம்முகாம், பின்னர் சோவியத் பயனியர் இயக்கத்தின் முதன்மை முகாமாக வளர்ந்தது. அங்கே சமந்தாவுக்குத் தனி வசதிகள் கிடைத்திருக்கும். அவளோ ஏனைய சிறுமிகளுடன் பொதுத் தங்குமிடத்திலேயே தூங்க விரும்பினாள். முகாமின் சீருடையை அணிந்தாள். லெனின்கிராட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி அவளுடைய நெருங்கிய தோழியானாள். இருவரும் கடலில் நீந்தினர். பிள்ளைகள் எல்லோரும் தத்தம் விருப்பங்களைக் கடதாசியில் எழுதிப் போத்தல்களில் அடைத்துக் கடலில் விட்டபோது, சமந்தாவும் சமாதானம் வேண்டி எழுதி விட்டாள்.

நாடகம் என்ற ஐயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆங்கிலம் நன்கு தெரிந்த பிள்ளைகளே அவளுடன் தங்கத் தெரிவுசெய்யப்பட்டிருந்தனர். புகைப்படக்காரர்கள் அவளை விட்டு அகலவில்லை. சோவியத் அரசு ஒரு குழந்தையைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று அமெரிக்காவிலும் பலர் எழுதினர். மேடையை அரசு அமைத்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஆயினும், மேடையில் நின்றவர்கள் பிள்ளைகள். அவர்கள் விருந்தாளியிடம் கேட்டவை அமெரிக்க உடைகளையும் பாடல்களையும் பற்றியவை. அப்பிள்ளைகளில் பெரும்பாலானோரின் சுற்றத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்கள் இருந்தனர் என்பதையும், அமெரிக்காவை வெறுத்த எவரையும் தான் அங்கே காணவில்லை என்பதையும் சமந்தா பின்னர் தன் நூலில் எழுதினாள். பெரியவர்கள் ஒழுங்கு செய்த நிகழ்ச்சி நிரலில் இது இருந்திருக்கலாம். ஆனால் ஓர் அறையில் இரவு விளக்கணைந்த பின் சிறுமிகள் பேசிக்கொள்ளும் பேச்சை எந்த அரசும் முழுமையாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. நான் பெட்டிச் செய்தியில் தவறவிட்டது அதைத்தான்.

ஜூலை 22ஆம் திகதி அவள் பயணம் முடிந்தது. இரண்டே நாட்களில் எங்கள் மண்ணில் கறுப்பு ஜூலை தொடங்கியது. அதன் பின் சமந்தாவைப் பற்றி எண்ண எனக்கு நேரமிருக்கவில்லை. உலகுக்கும் அப்படித்தான். செப்டெம்பர் 1ஆம் திகதி சோவியத் போர் விமானம் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டனர். ஆயினும் அந்தச் சிறுமி ஓயவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானின் கோபே நகரில் நடந்த சிறுவர் மாநாட்டில், இரு நாட்டுத் தலைவர்களும் ஆண்டுதோறும் இரு வாரங்களுக்குத் தங்கள் பேத்திகளை மாற்றி அனுப்ப வேண்டும் என்று யோசனை கூறினாள். தன் பேத்தி இருக்கும் நாட்டின் மீது யார் குண்டு போடுவார்?

1985 ஆகஸ்ட் 25ஆம் திகதி விமான விபத்தில் சமந்தாவும் தந்தையும் உயிரிழந்தனர். அப்போது அவளுக்கு வயது 13. மறு ஆண்டு காத்யா லிச்சேவா என்ற சோவியத் சிறுமி அமெரிக்கா சென்று ஜனாதிபதி ரீகனைச் சந்தித்தாள். பதில் விருந்தும் நடந்தேறியது.

ஆர்ட்டெக் இன்றும் இருக்கிறது. 2014இல் கிரைமியாவை ரஷ்யா தன்னுடன் இணைத்துக்கொண்டதோடு முகாமும் அதன் கைக்குப் போனது. 2022இல் தொடங்கிய முழுப் போரின்போது, உக்ரேனின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து பிள்ளைகள் கிரைமிய முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். விடுமுறை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் சிலர் குறித்த நாளில் வீடு திரும்பவில்லை. 2023 மார்ச்சில், பிள்ளைகளைச் சட்டவிரோதமாக நாடுகடத்தியமை தொடர்பில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ரஷ்ய ஜனாதிபதி புட்டினுக்குப் பிடியாணை பிறப்பித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கா ஆர்ட்டெக் மீது தடை விதித்தது.

அதே கடல், அதே கரை, அங்கும் சீருடையும் பாட்டும். பிறகு என்னதான் வேறுபாடு? சமந்தாவின் பெற்றோர் அவளுடன் இருந்தனர். வீடு திரும்பும் நாள் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் அவள் திரும்பினாள். திரும்பிப் போகும் வழி திறந்திருக்கும்வரைதான் ஒரு பிள்ளை விருந்தாளி. அந்த வழி அடைபட்டபின், எத்தனை அன்பாக உணவு பரிமாறினாலும் அதன் பெயர் விருந்தன்று.