ஆயாவின் குதிகால்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆயா அதைப் பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு நடந்தவள். 72 வயதில் நிறுத்திவிட்டாள். காரணம் முட்டிவலி இல்லை, ஒரு துண்டுச்சீட்டு.

கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு முகாம். குதிகாலில் ஜெல் தடவி, காலைப் பெட்டி மாதிரி ஒரு கருவிக்குள் வைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்தது: மைனஸ் 2.7, சிவப்புக் கட்டம். "எலும்பு உளுத்துப்போச்சு, பாத்து நடங்கம்மா." அன்றிலிருந்து ஆயா வாசல்படி இறங்கவே சுவரைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மைனஸ் 2.1, மஞ்சள் கட்டம். நிம்மதியாகத் திரும்பினார். மறுவருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய்த்தான் இவ்வளவையும் படித்தேன்.

அல்ட்ராசவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்ததே பட்டறை வழியாகத்தான். 1955இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை அவற்றின்மேல் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சி. நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறுவேறாக வந்தது. நம் ஊர் ஸ்கேன் சென்டர்கள் எல்லாம் அந்தப் பயணத்தின் வாரிசுகள்தான்.

ஆனால் அந்தப் படங்களில் எலும்பு ஒரு தொல்லை. ஒலியைத் திருப்பி அடித்துவிட்டுப் பின்னால் நிழலை மட்டும் விடும். 1984இல் இங்கிலாந்தில் லாங்டன், பாமர், போர்ட்டர் மூவரும் எதிரொலியை விட்டுவிட்டு, எலும்பைத் துளைத்து மறுபக்கம் வரும் ஒலியை அளந்தார்கள். தோதான இடம் குதிகால்: சதை குறைவு, உள்ளே பஞ்சு மாதிரி எலும்பு, உடம்பின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். அதிர்வெண் கூடக்கூட எலும்பு விழுங்கும் ஒலியும் கூடும். எவ்வளவு செங்குத்தாகக் கூடுகிறது என்பதே அளவு. நல்ல எலும்பு அதிகம் விழுங்கும். உளுத்த எலும்பில் ஒலி எளிதாகக் கடந்துபோகும். நான் முதலில் நேரெதிராக நினைத்திருந்தேன்.

1996இல் பிரான்சிலிருந்து பெரிய சான்று வந்தது. சராசரி வயது 80 இருந்த 5,662 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், குதிகால் அளவு குறைந்தவர்களுக்கு இடுப்பு முறிவு கூடுதல். எக்ஸ்ரே அடிப்படையிலான டெக்ஸா ஸ்கேன் கணிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாகவே இதுவும் கணித்தது. கதிர்வீச்சு இல்லை, கையில் தூக்கிப்போகலாம். முகாம்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிக்கல் அந்த மைனஸில் இருக்கிறது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கோடு மைனஸ் 2.5. அதாவது இளம்பெண்களின் சராசரியிலிருந்து எவ்வளவு கீழே என்ற கணக்கு. அது எக்ஸ்ரே அளவீட்டுக்குப் போட்ட கோடு, அதுவும் வெள்ளைக்காரப் பெண்களின் தரவை வைத்து. அதை அப்படியே குதிகால் கருவியில் காப்பி பேஸ்ட் செய்தால் என்ன ஆகும்? என் வேலையில் இதை பக் என்போம். 2000இல் லண்டன் ஆய்வாளர்கள் குதிகாலுக்கு மைனஸ் 1.8தான் பொருத்தமான கோடு என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தால் பெரியம்மாவின் மஞ்சளும் சிவப்புதான். குதிகால் அளவு முறிவு ஆபத்தைச் சொல்லும், ஆனால் அந்தக் கோட்டை வைத்து நோய் என்று முத்திரை குத்தக்கூடாது என்று சர்வதேச எலும்பு அடர்த்தியியல் சங்கம் 2007இல் தெளிவாகவே சொன்னது. மண்டபம்வரை அது வந்துசேரவில்லை.

ஆயாவை டெக்ஸா எடுக்கக் கூட்டிப்போனோம். இடுப்பில் மைனஸ் 2.3. கருவி பெரிதாகப் பொய் சொல்லவில்லை. டாக்டர் மருந்து எழுதினார், கண் பரிசோதனை செய்யச் சொன்னார், குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொன்னார். பிறகு, "நடக்கிறதை ஏன் நிறுத்தினீங்க? உட்கார்ந்தே இருந்தா எலும்பு இன்னும் தேயும்" என்றார். நடந்தால் உடைந்துவிடும் என்று பயந்து ஆயா பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் செருப்புப் போட்டுக்கொண்டு எமலிங்கம்வரை நடந்தாள். திரும்பும்போது ஆட்டோ. "எமனைப் பாத்துட்டு வந்துட்டேன்டா, இன்னிக்கு இது போதும்."