நெல்வயலின் வாயுவும் அதனை அளந்தவர்களும்

வயலில் நீர் தேங்கியதும் மண்ணுக்குள் காற்றுப் புகுவது தடைப்படுகிறது. எஞ்சிய ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. அடுத்து நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரஜன் வாயுவாக்குகின்றன. இடைப்படியில் நைட்ரஸ் ஆக்சைடும் தோன்றுகிறது. நைட்ரேட்டு, இரும்பு, சல்பேட்டு ஆகியவை பெரிதும் தீர்ந்த பின்னரே மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்கள் முனைப்புப் பெறுகின்றன. இன்று பாடநூலில் உள்ள இச்செய்திக்கு இந்தியாவில் நூறாண்டைக் கடந்த ஆய்வு வரலாறு உண்டு.

சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலர் டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் சேற்று நெல்மண்ணின் வாயுக்கள் குறித்த தம் முதல் ஆய்வேட்டை 1913இல் வெளியிட்டனர். மண்ணுள் மீத்தேனும் நைட்ரஜனும் இருத்தலை அவர்கள் கண்டறிந்தனர். மேற்பரப்பில் படரும் மெல்லிய படலத்தின் பாக்டீரியாக்கள் மீத்தேனை ஆக்சிஜனேற்றம் செய்வதையும், அங்குள்ள பாசிகள் வெளியிடும் ஆக்சிஜன் வேர்களுக்கு உதவுவதையும் விளக்கினர். பயிரின் வேர் எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதே அவர்களது வினா.

1990ஆம் ஆண்டையொட்டி அதே வாயு குற்றச்சாட்டாக மாறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாகக் கூறியது. அக்கணக்கின் அடிப்படை, பிறநாட்டு வயல்களின் அளவீடுகள். 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை உழவரின் பிழைப்புக்கான உமிழ்வையும் செல்வரின் ஆடம்பர உமிழ்வையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி என்று வாதிட்டனர். அதே ஆண்டு தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா முன்னின்று நடத்திய களஆய்வு, இந்திய வயல்களிலேயே அளந்து ஏறத்தாழ 40 லட்சம் டன் என்ற முடிவுக்கு வந்தது. முன்னதில் பத்தில் ஒரு பங்கு. அக்காலத்தில் நம் நெற்பரப்பில் பெரும்பகுதி மழையை நம்பியிருந்தது, இடையிடையே காய்ந்தது, பல மண்களில் கரிமச்சத்தும் குறைவு.

ஆனால் காய்தலுக்கும் ஒரு விலை உண்டு. காற்றுப் புகுந்ததும் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. மீண்டும் நீர் கட்டும்போது நைட்ரஸ் ஆக்சைடு எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் சுமார் 27 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகர். ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடோ 273 டன்னுக்கு நிகர். 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய்ப் பூச்சு, அம்மோனியம் நைட்ரேட்டாகும் வேகத்தைத் தணிப்பதால் இங்கு பொருள்பெறுகிறது.

எனவே நீரைக் குறைத்து மீத்தேனைக் குறைத்ததாகக் கூறும் எந்த ஆய்விடமும் இரு வினாக்களைக் கேட்டாக வேண்டும்: எந்த வயலில் அளந்தது? மற்ற வாயுவையும் அளந்ததா?