புறநிழல் சந்திர கிரகணத்துக்குத் தொழுகை உண்டா?

2023 மே 5 வெள்ளி இரவு 8.44 முதல் பின்னிரவு 1.01 வரை சந்திர கிரகணம் நிகழ்ந்தது. பல்லடத்தில் அண்ணாந்து பார்த்தாலும் வழக்கமான முழுநிலவாகவே தெரியக்கூடிய கிரகணம் அது. அப்படியானால் தொழ வேண்டுமா?

பூமியின் நிழலின் நடுப்பகுதி கருநிழல். அங்கிருந்து பார்த்தால் சூரியன் முழுவதும் மறைந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள புறநிழலில் சூரியனின் ஒரு பகுதி மட்டுமே மறையும். நிலா இந்தப் புறநிழலை மட்டும் கடந்து போனால் அதன் ஒளி லேசாக மங்கும்; கடித்தெடுத்தது போன்ற விளிம்பு தெரியாது.

இது அபூர்வமும் அல்ல. நூறு சந்திர கிரகணங்களில் ஏறக்குறைய 36 இந்த வகைதான். 2020-இல் ஜனவரி, ஜூன், ஜூலை, நவம்பர் மாதங்களில் வந்த நான்குமே புறநிழல் கிரகணங்கள்.

கிரகணத்தைக் கண்டால் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். காலண்டரில் படிப்பது காண்பதாகாது. எனவே கண்ணுக்குப் புலப்படாத கிரகணத்துக்குத் தொழுகை இல்லை என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது. (கர்ப்பிணிகளை அறைக்குள் அடைத்து வைப்பதற்கோ எந்தக் கிரகணத்திலும் மார்க்க ஆதாரமில்லை.)

2027 பிப்ரவரி 21 அதிகாலை இன்னொரு புறநிழல் கிரகணம். உச்சம் சுமார் 4.43 மணிக்கு. அது ரமளான் மாதம். ஸஹருக்கு எழுபவர்கள் மேற்கு வானில் நிலாவின் ஒரு பக்கம் மங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம்.