முப்பது ஷில்லிங் யார் கைக்கு?

பிரிட்டனில் 1911-ல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம், பிரசவத்துக்கு 30 ஷில்லிங் தந்தது. நல்ல விஷயம்தானே? ஆனால் காப்பீடு கணவன் பேரில் இருந்தால் பணமும் அவன் கைக்குத்தான் போகும். பெண்கள் கூட்டுறவு கில்டு விடாமல் போராடியது. 1913-ல் சட்டம் திருத்தப்பட்டு, அது தாயின் பணம் என்றானது.

1915-ல் அதே கில்டு, உழைக்கும் குடும்பத்துத் தாய்மார்களின் கடிதங்களைப் புத்தகமாகப் போட்டது. படித்தால் மனசு கனத்துப்போகும். பிரசவச் செலவுக்குக் காசு சேர்க்கணுமே என்று, வயிற்றில் பிள்ளையோடு தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர்கள் அதில் இருக்கிறார்கள். 30 ஷில்லிங்கோ பிள்ளை பிறந்த பிறகுதான் வந்தது. சுமக்கிற மாதங்களின் பசிக்கு அது எட்டவில்லை.

உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கிறோம். யார் கைக்கு, எந்த மாதத்தில் என்றும் கேட்கணும்.