காலணியும் கால்வாயும்

புதுச்சேரி நகரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. கிழக்கே கடற்காற்று வாங்கும் மாளிகைகள். மேற்கே கடைத்தெருவும் குடியிருப்பும். முன்னதை வெள்ளையர் பட்டணம் என்றனர். பின்னதைக் கறுப்பர் பட்டணம் என்றனர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பது பிரெஞ்சு நாடு உலகுக்குத் தந்த முழக்கம். கப்பலேறி வந்த அம்முழக்கம் கால்வாயைக் கடந்ததா?

1873-ஆம் ஆண்டு. பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியர்போல் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார். புகுந்தவரைத் தடுத்தது நீதிமன்றம். சட்டம் படித்த தலையை ஏற்றவர்கள், காலணி அணிந்த காலை ஏற்கவில்லை! அவர் பணியவில்லை. பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார், வென்றார்.

வெற்றிதான். ஆனால், பாரிசு வரை வழக்காட அவரிடம் கல்வி இருந்தது, தொழில் இருந்தது. காலணி வாங்கவே காசில்லாதவன் எந்த மன்றத்தில் முறையிடுவான்?

1881 செப்டம்பரில் ஓர் ஆணை பிறந்தது. சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை எவரும் ஏற்கலாம் என்றது. பொன்னுத்தம்பி துறந்தார், லாப்போர்த் என்று குடும்பப் பெயர் பூண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அந்தக் கதவை நோக்கித் தாழ்த்தப்பட்டோர் பலரும் நடந்தனர். சேரியில் பிறந்தவனும் சட்டத்தின்முன் சமம் என்றால், உயர்ந்தோர் பொறுப்பரா? சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதிப் பழைமையினர் எதிர்த்தனர். 1884-இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிளந்தது: ஐரோப்பியர், துறந்தோர், ஏனையோர். சட்டத்தால் சமமானவர், வாக்குச்சீட்டில் மீண்டும் வேறானார். நிறவெறிக்குச் சாதிவெறி தோள்கொடுத்த காட்சி அது! ஒரே பட்டியல் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே.

பட்டியலில் பேதம், பட்டறையில் அதனினும் கொடிய பேதம். 1936 ஜூனில் பிரான்சில் லியோன் புளூம் அரசு, வாரத்திற்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் இயற்றியது. அடுத்த மாதம், ஜூலை 30 அன்று, புதுச்சேரியின் சவானா ஆலையில் உரிமை கேட்டு நின்ற தொழிலாளர்மீது குண்டுகள் பாய்ந்தன. 12 பேர் மாண்டனர். ஒரே கொடி, ஒரே அரசு. அங்கே தொழிலாளிக்கு ஓய்வு; இங்கே தொழிலாளிக்குச் சாவு! வ. சுப்பையா போன்றோர் முன்னின்ற போராட்டத்தின் பயனாய் 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த உரிமை அருளப்பட்டதன்று. குருதி கொடுத்துப் பெறப்பட்டது.

வழக்கறிஞர் வென்றது ஒருவருக்கான உரிமை. ஆலைத் தொழிலாளர் வென்றது அனைவருக்குமான உரிமை. தனிமனிதன் முட்டினால் கதவு அவனுக்கு மட்டும் திறக்கும். திரண்டு முட்டினால்தான் சுவரே அசையும்.

தோழர்களே! 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. கால்வாய் இன்றும் ஓடுகிறது. கிழக்கு மாளிகைகள் பலவும் இன்று தங்கும் விடுதிகள். அங்கே நிறம் என்ன என்று எவரும் கேட்பதில்லை. பணம் எவ்வளவு என்றே கேட்கின்றனர். காவலன் மாறினான், கதவு மாறிற்றா?