அடித்த சொல்லும் பேசும்: பழைய உயில்களில் குடும்ப வரலாறு

ஒரு மனிதர் இறந்த பிறகு அவருடைய வீடு கைமாறும். நகை உருகிப் போகும். துணிமணி நைந்து போகும். ஆனால், யாருக்கு எதைக் கொடுத்தார், யாருக்குக் கொடுக்காமல் விட்டார் என்று எழுதி வைத்த தாள் மட்டும் சில வேளைகளில் நானூறு ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கும். அந்தத் தாளுக்குத்தான் உயில் என்று பெயர்.

குடும்ப வரலாறு தேடுவோருக்கு உயிலுக்கு இணையான ஆவணம் கிடைப்பது அரிது. பிறப்புப் பதிவு பெயரையும் தேதியையும் சொல்லும். கல்லறை இறந்த நாளைச் சொல்லும். உயிலோ உறவைச் சொல்லும். யார் மீது பாசம், யார் மீது கோபம், எந்தப் பிள்ளை கையில் பணம் தங்காது என்று பெரியவர் பயந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. படிக்கத் தெரிந்தவரிடம்தான் உயில் பேசும். தவறாகப் படித்தவரிடம் அது இல்லாத கதையைச் சொல்லிவிடும்.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆங்கில நாடக மேதை வில்லியம் ஷேக்ஸ்பியரின் உயில்தான் அது. 1616ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தேதியிட்ட இந்த உயில் மூன்று தாள்களைக் கொண்டது. மூன்றிலும் அவருடைய கையொப்பம் உள்ளது. ஒரு மாதம் கூட முழுமையாகக் கழியாத நிலையில், ஏப்ரல் 23ஆம் நாள், அவர் காலமானார். இன்று அந்த மூல உயில் லண்டனின் கியூ பகுதியில், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கட்டிலின் நிறம் என்ன?

அந்த உயிலில் மனைவிக்கு என்று ஷேக்ஸ்பியர் எழுதி வைத்த பொருள் ஒன்றே ஒன்று. 'என்னுடைய இரண்டாவது சிறந்த கட்டில், அதன் விரிப்பு முதலியவற்றுடன்' என்பதே அந்த வரி. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இந்த உயிலைப் படியெடுத்து அச்சிட்டபோது, 'இரண்டாவது' என்ற சொல்லைச் சிலர் 'பழுப்பு நிற' என்று படித்துவிட்டார்கள். இரண்டாவது சிறந்த கட்டில் பழுப்பு நிறச் சிறந்த கட்டில் ஆயிற்று!

ஒரு சொல் மாறியதும் குடும்பமே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். பழுப்பு நிறச் சிறந்த கட்டில் என்றால், வீட்டிலேயே நல்ல கட்டிலை மனைவிக்குக் கொடுத்த அன்பான கணவர். இரண்டாவது சிறந்த கட்டில் என்றால், முதல் தரத்தை வேறு யாருக்கோ வைத்துவிட்டு மனைவிக்கு மிச்சத்தைக் கொடுத்தவர். சரியான சொல் வெளிவந்த பிறகு, இவர் மனைவியை வெறுத்தாரா என்ற வாதம் தொடங்கியது. அது இன்றுவரை ஓயவில்லை.

படித்தவர்கள் ஏன் தடுமாறினார்கள்? அன்றைய கையெழுத்தே காரணம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் எழுத்தர்கள் 'செக்ரட்டரி' எழுத்து எனப்படும் வேகக் கையெழுத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் 'சி' என்ற எழுத்து இன்றைய 'ஆர்' போல இருக்கும். 'ஈ' திரும்பி நிற்கும். 'எச்' எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுழியும். நீண்ட 'எஸ்' பார்வைக்கு 'எஃப்' போலத் தோன்றும். 'எம்', 'என்', 'யூ', 'ஐ' நான்கும் சின்னஞ்சிறு செங்குத்துக் கோடுகள்தாம். அடுத்தடுத்து வந்தால் எது எந்த எழுத்து என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். குறிலா நெடிலா, காலா ரகரமா என்பதைப் பொருளை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. சுவடியைப் பதிப்பித்த தமிழறிஞர்கள் பட்ட பாட்டைத்தான் ஆங்கில உயிலைப் படிப்பவரும் படுகிறார்.

இதற்கு அனுபவசாலிகள் கையாளும் வழி எளிமையானது. உயில்களில் மாறாத வாசகங்கள் சில உண்டு. 'இறைவன் பெயரால், ஆமென்' என்று தொடங்குவது அன்றைய வழக்கம். ஒவ்வொரு கொடையும் 'ஐட்டம்' என்ற சொல்லோடு தொடங்கும். என்ன எழுதியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த இந்த வாசகங்களை முதலில் பார்த்து, அந்த எழுத்தர் ஒவ்வோர் எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்வார்கள். பிறகுதான் தெரியாத சொற்களுக்குப் போவார்கள். சொல்லை ஊகித்துவிட்டு எழுத்தைத் தேடுவது தவறு. எழுத்தைக் கண்ட பிறகு சொல்லுக்கு வருவதே முறை.

பேத்தியா, மருமகளா?

எழுத்தைப் படித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. சொற்களின் பொருளும் காலத்தோடு மாறும்.

ஷேக்ஸ்பியரின் உயிலில் எலிசபெத் ஹால் என்ற சிறுமி வருகிறாள். அவளை 'நீஸ்' என்று உயில் குறிப்பிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உடன்பிறந்தாரின் மகள் என்று பொருள். அப்படியே எடுத்துக்கொண்டு குடும்ப மரம் வரைந்தால், அவளை அவருடைய சகோதரன் அல்லது சகோதரிக்குக் கீழே எழுத வேண்டி வரும். உண்மையில் எலிசபெத் அவருடைய மூத்த மகள் சுசன்னாவின் மகள். அதாவது, சொந்தப் பேத்தி! அக்காலத்தில் பேத்தியையும் அந்தச் சொல்லால் குறிப்பிடும் வழக்கம் இருந்தது.

இதைப் போலவே 'கசின்' என்பது அன்று ஏறக்குறைய எந்த உறவினரையும் குறித்தது. இன்று மாமனாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று தாயின் மறு கணவரையும் குறித்தது. தமிழில் பேத்தி வேறு, அண்ணன் மகள் வேறு, அக்காள் மகள் வேறு. ஆங்கிலத்தில் இந்த வசதி குறைவு. ஆகவே உயிலில் உள்ள உறவுச் சொல்லைத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளோடு ஒப்பிடாமல் குடும்ப மரத்தில் ஏற்றக்கூடாது.

தேதியிலும் பொறி உண்டு. 1752ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்தின் சட்டப்படியான புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. ஷேக்ஸ்பியரின் இளைய மகள் ஜூடித்தின் திருமணம் நடந்தது, நம் கணக்கில், 1616 பிப்ரவரி 10. அன்றைய கணக்கிலோ அது 1615ஆம் ஆண்டு. இதை அறியாதவர், மகள் திருமணத்துக்கும் தந்தையின் உயிலுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இடைவெளி என்று எழுதிவிடுவார். உண்மையான இடைவெளி ஏறக்குறைய ஆறு வாரங்கள்தாம்.

அந்த ஆறு வாரங்களில் என்ன நடந்தது?

இங்கேதான் உயிலின் உயிர் இருக்கிறது. உயிலின் முதல் தாளில், ஜனவரி என்று எழுதிய சொல்லை அடித்துவிட்டு மார்ச் என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அதே வரியில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்தை ஆளும் 14ஆம் ஆண்டு என்ற குறிப்பும் உள்ளது. அந்த 14ஆம் ஆண்டு தொடங்கியதே 1616 மார்ச் 24ஆம் நாள்தான். ஆகவே இந்தத் தாள் மார்ச்சில் எழுதப்பட்டது என்றும், ஜனவரியில் எழுதிய பழைய நகலைப் பார்த்து எழுதிய எழுத்தர் கை தவறி ஜனவரி என்று எழுதிவிட்டார் என்றும் ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

அப்படியானால் ஜனவரி நகலை ஏன் மாற்ற வேண்டும்? அடுத்த வரிகள் விடை சொல்கின்றன. 'என் மருமகனுக்கு' என்று எழுதத் தொடங்கி, அதை அடித்துவிட்டு, 'என் மகள் ஜூடித்துக்கு' என்று எழுதியிருக்கிறார்கள். ஜூடித்தின் கணவர் தாமஸ் குவைனியின் பெயர் உயிலில் எங்குமே இல்லை. ஜூடித்துக்கு 150 பவுன் கொடுக்கப்படுகிறது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு அவளோ அவளுடைய பிள்ளையோ உயிரோடு இருந்தால் மேலும் 150 பவுன் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அந்த இரண்டாவது தொகைக்கு ஒரு கட்டு உண்டு. கணவர் அதே மதிப்புள்ள நிலத்தை அவள் பெயரில் எழுதி வைக்காதவரை அவர் கையில் அது போகாது. வட்டி மட்டும் அவளுக்குக் கிடைக்கும்.

அந்த மார்ச் மாதம் ஸ்ட்ராட்போர்டு ஊரில் நடந்தது இதுதான். மார்கரெட் வீலர் என்ற பெண்ணும் அவளுடைய குழந்தையும் மார்ச் 15ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டனர். அவள் கருவுறக் காரணமானவர் தாமஸ் குவைனி. உயிலில் கையெழுத்தான மறுநாளே, மார்ச் 26ஆம் நாள், அவர் திருச்சபை நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். புது மருமகன் ஊர் வாயில் விழுந்த நேரத்தில், சாகும் தறுவாயில் இருந்த ஒரு தகப்பன் மகளைக் காப்பாற்ற எழுதிய உயில் இது. அடிக்கப்பட்ட அந்த இரண்டு மூன்று சொற்கள் இல்லாவிட்டால் இந்த வேதனை நமக்குப் புலப்பட்டிருக்காது.

படியில் கிடைக்காத செய்தி

இங்கிலாந்தில் 1858ஆம் ஆண்டு வரை உயில்களை மெய்ப்பித்து ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. ஷேக்ஸ்பியரின் உயில் 1616 ஜூன் 22ஆம் நாள், மூத்த மருமகன் ஜான் ஹாலின் பொறுப்பில், கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. அப்படி ஏற்கும் உயில்களை நீதிமன்ற எழுத்தர்கள் பெரிய பதிவேட்டில் படியெடுத்து வைப்பார்கள். ஆராய்ச்சி செய்வோர் கையில் பெரும்பாலும் கிடைப்பது இந்தப் படிதான்.

படி படிக்க எளிது. ஆனால் அதில் அடித்தல் திருத்தல் இருக்காது. எந்தச் சொல் முதலில் வந்தது, எது பிறகு இடையில் நுழைக்கப்பட்டது என்பது தெரியாது. மனைவிக்கான கட்டில் வரியே மூல உயிலில் இரு வரிகளுக்கு நடுவில் நுழைத்து எழுதப்பட்டதுதான். சக நடிகர்களான ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் ஆகியோர் மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் என்ற வரியும் அவ்வாறே. தங்கை ஜோனின் மூன்று மகன்களுக்கு ஆளுக்கு 5 பவுன் என்று எழுதிய இடத்தில், ஒரு பிள்ளையின் பெயருக்கு இடம் விட்டு, அதை நிரப்பாமலே போய்விட்டார்கள். மூலத்தைப் பார்த்தவருக்கே இதெல்லாம் கண்ணில் படும். 2016இல் அறிவியல் கருவிகளால் சோதித்தபோது, இரண்டாம் தாளின் மை மற்ற இரண்டு தாள்களின் மையிலிருந்து வேறுபடுவதும் தெரியவந்தது.

சரி, மனைவியை ஷேக்ஸ்பியர் வெறுத்தாரா? உயில் அதைச் சொல்லவில்லை. கணவர் இறந்தால் அவருடைய நிலபுலனில் மூன்றில் ஒரு பங்கின் வருமானம் மனைவிக்கு ஆயுள்வரை உண்டு என்பது அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டம். சட்டம் தானாகத் தரும் ஒன்றை உயிலில் எழுத வேண்டியதில்லை. அதுபோலவே, உயிலில் பெயர் இல்லாத பிள்ளை இறந்துவிட்டது என்றோ, விலக்கி வைக்கப்பட்டது என்றோ முடிவுகட்டக் கூடாது. திருமணத்தின்போதே பங்கு கொடுத்து முடித்திருக்கலாம். உயிலின் பேச்சைப் போலவே அதன் மௌனத்தையும் அவசரமின்றிப் படிக்க வேண்டும்.

நம் கரையிலும் அதே சட்டம்

இந்தக் கதை கடல் கடந்த ஒன்று என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1807ஆம் ஆண்டின் அரச சாசனம் வழியாகப் பினாங்குக்கும், 1826ஆம் ஆண்டின் சாசனம் வழியாகச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் ஆங்கில நீதிமன்றமும் உயில்களை ஏற்கும் முறையும் வந்து சேர்ந்தன. நம் மூதாதையரில் சொத்து வைத்திருந்த வணிகர்களும் உயில் எழுதினார்கள்.

அந்த ஆவணங்களின் கையெழுத்து ஷேக்ஸ்பியர் காலத்தை விடத் தெளிவானது. சிக்கல் பெயர்களில்தான். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முகைதீன் 'மைதீன்' ஆனார். மரைக்காயர் 'மெரிக்கன்' ஆனார். செட்டியார் 'சிட்டி' ஆனார். பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு பெயர் பிணைந்த காதர் முகைதீன் 1834இல் காலமானவர். அவரையே ஆங்கிலப் பதிவுகளில் 'கௌடர் மொஹுதீன்' என்றும் 'காதர் மைதீன் மெரிக்கன்' என்றும் காணலாம். எழுத்துக் கூட்டல் மாறியதால் ஒருவரை இருவராக எண்ணிவிடக் கூடாது. பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரை ஒருவராகவும் ஆக்கிவிடக் கூடாது.

வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பழைய உயிலோ பத்திரமோ கிடைத்தால், அதைத் திருத்தி அழகாக எழுதிக் கொள்ள வேண்டாம். எழுத்துப் பிழையோடு, வரிக்கு வரி, உள்ளது உள்ளபடியே படியெடுங்கள். ஐயம் உள்ள சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அடித்த சொல்லை 'அடித்தது' என்றும், இடையில் நுழைத்ததை 'நுழைத்தது' என்றும் குறியுங்கள். அதில் வரும் உறவு முறைகளை, அவற்றை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஷேக்ஸ்பியரின் கையெழுத்தைப் படிக்க உலகமே காத்திருக்கிறது. நம் தாத்தாவின் கையெழுத்தைப் படிக்க நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை.